கலமான்சி எலுமிச்சை அல்ல, கிச்சிலி

காட்பாடியில் பெரியம்மா வீட்டு மாடித் தொட்டியில் கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஆரஞ்சு நிறத்தில் ஒரு பழம் காய்த்துத் தொங்குகிறது. நர்சரியில் ‘சைனா ஆரஞ்சு’ என்று கொடுத்தார்களாம். சமையல் குறிப்புகளில் அதே பழம் ‘கஸ்தூரி எலுமிச்சை’. போன வாரம் மூன்றாவது முறையாக அந்தப் பெயரைப் படித்தபோது பொறுக்க முடியவில்லை.

பழத்தின் பெயர் கலமான்சி, பிலிப்பைன்ஸின் தகலோக் மொழிச் சொல். கமலா ஆரஞ்சு இனமும் கும்குவாட் என்ற சிறு பழமும் கலந்து பிறந்தது. மலாயில் லிமாவ் கஸ்தூரி.

தகராறு அந்த லிமாவில்தான். அதைக் கண்டதும் எலுமிச்சை என்று எழுதிவிடுகிறார்கள். மலாயில் லிமாவ் என்பது எலுமிச்சை, ஆரஞ்சுக் குடும்பம் முழுவதற்கும் பொதுப்பெயர். லிமாவ் பாலி என்றால் பம்பளிமாஸ். தேங்காயைவிடப் பெரிதாக வளரும் அதையும் ‘பாலி எலுமிச்சை’ என்று எழுதுவார்களா? அகராதியைப் பார்த்தவர்கள் பழத்தை ஒருமுறை உரித்துப் பார்த்திருக்கலாம். எலுமிச்சைத் தோல் சதையை விடாது, கத்தி வேண்டும். இதன் தோலோ நகம் பட்டாலே கழன்று வருகிறது, உள்ளே சுளை சுளையாக இருக்கிறது. பச்சையிலேயே பறித்துப் பிழிவதால்தான் எலுமிச்சை போலத் தெரிகிறது. பழுத்தால் நிறம் மாறும், புளிப்பு மட்டும் போகாது. அப்புறம் அந்தக் ‘கஸ்தூரி’. கஸ்தூரி மஞ்சள் போல முகத்துக்குப் பூசுவதா என்று பெரியம்மா கேட்டார். சமைக்கிறவரைக் குழப்பும் பெயர் எதற்கு?

‘சைனா ஆரஞ்சு’ம் உதவாது. சாத்துக்குடியின் தாவரவியல் பெயரான சிட்ரஸ் சைனென்சிஸுக்கே ‘சீனத்து’ என்றுதான் பொருள்.

ஆரஞ்சுக்குத் தமிழில் கிச்சிலி என்ற அருமையான சொல் இருக்கிறது, தெலுங்கிலும் உண்டு. இன்று வேலூர்க் கடைத்தெருவில் கிச்சிலி என்றால் அரிசிக் கடையில் கிச்சிலிச் சம்பாவைக் காட்டுவார்கள். பழத்தின் பெயரை அந்த அளவுக்கு மறந்துவிட்டோம். புளியாரை, புளிமாங்காய் என்று சொல்கிற வழியிலேயே இதைப் புளிக்கிச்சிலி என்றால் இனமும் தெரியும், சுவையும் தெரியும். ‘குறுங்கிச்சிலி’ ஆகாதா என்று தம்பி கேட்டான். கும்குவாட்டும் குட்டிப் பழம்தான், ஆனால் அதன் தோல் இனிக்கும், தோலோடு தின்பார்கள். அந்தப் பெயரை அதற்கு வைத்துக்கொள்ளலாம்.