குமிழி நிறைந்த கலனில் மூச்சுத் திணறல்

பாதி தீர்ந்த ஷாம்பு பாட்டிலைக் கவிழ்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், பெரிய காற்றுக்குமிழி ஒன்று நெற்றி வளைந்து விறுவிறுவென்று மேலேறுவதையும், கடுகைவிடச் சிறிய குமிழிகள் ஒட்டவைத்தாற்போல் நின்ற இடத்திலேயே நிற்பதையும் காணலாம். சாந்தன் கம் தயாரிக்கும் ஆலைகளின் பெருந்தலைவலி இந்தக் காட்சிக்குள்ளேயே இருக்கிறது.

சாஸையும் பற்பசையையும் கெட்டியாக்கும் இந்தப் பசை, முட்டைக்கோஸில் கருப்பு அழுகல் நோயை உண்டாக்கும் சாந்தோமோனாஸ் கம்பெஸ்ட்ரிஸ் என்ற பாக்டீரியா சுரப்பது. அமெரிக்காவின் பியோரியா நகரிலுள்ள அரசு வேளாண் ஆய்வகம் 1950களில் இதை ஆராய்ந்து வெளிக்கொணர்ந்தது. 1969இல் உணவில் சேர்க்க அந்நாட்டில் அனுமதி கிடைத்தது. சர்க்கரைக் கரைசலில் வளரும் இந்த பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் இடைவிடாமல் வேண்டும். ஆனால் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் காற்றிலிருந்து ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். செல்கள் பெருகிய கலனில் அது சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். ஆகவே அடியிலுள்ள துளைக்குழாய் வழியே காற்றைக் குமிழிகளாக ஓயாமல் செலுத்துகிறார்கள்.

முதல் நாளில் சிக்கல் எதுவும் இல்லை. கரைசல் தண்ணீர் போல் இருக்கும். கலக்கியின் தகடுகள் காற்றைச் சில மில்லிமீட்டர் அளவுக் குமிழிகளாகச் சிதறடிக்கும். பரப்பளவே இங்கு எல்லாம்: ஒரு லிட்டர் காற்றை 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள குமிழிகளாக்கினால் மொத்தப் பரப்பு 6 சதுர மீட்டர், அதே காற்று 5 சென்டிமீட்டர் குமிழிகளாகத் திரண்டால் 0.12 சதுர மீட்டர்தான்.

பசை சேரச் சேரக் கரைசல் கூழாகிறது. இந்தக் கூழுக்கு ஒரு குணம் உண்டு: கலக்கினால் இளகும், விட்டால் இறுகும். மேலேறும் குமிழி தன் பின்னே இளகிய தடம் ஒன்றை விட்டுச்செல்ல, அடுத்து வரும் குமிழி அந்தத் தடத்தில் விரைந்து முன்னதைப் பிடித்து அதனுடன் இணைந்துவிடுகிறது. இப்படித் திரளும் பெருங்குமிழியின் வேகத்தைப் பாகுத்தன்மை, அதாவது திரவம் ஓடுவதற்குக் காட்டும் எதிர்ப்பு, அவ்வளவாகக் கட்டுப்படுத்துவதில்லை. டேவிஸ், டெய்லர் என்ற ஆய்வாளர்கள் 1950இல் தந்த சூத்திரத்தின்படி, நெற்றி வளைவின் ஆரம் 5 சென்டிமீட்டர் உள்ள குமிழி நொடிக்கு அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஏறும். அதாவது ஒரு மீட்டர் உயரத்தைச் சுமார் இரண்டே நொடிகளில் கடந்து, கொண்டுவந்த ஆக்சிஜனில் பெரும்பகுதியை இறக்காமலே வெளியேறிவிடும்.

சின்னக் குமிழியின் கதை நேர்மாறானது. தண்ணீரைப் போல் ஆயிரம் மடங்கு பாகுத்தன்மை கொண்ட திரவத்தில் 0.1 மில்லிமீட்டர் குமிழி ஒன்று ஒரு மீட்டர் ஏற ஒரு நாளுக்கும் மேலாகும். தன்னிடமுள்ள ஆக்சிஜனை அது எப்போதோ கொடுத்துத் தீர்த்துவிடுகிறது. பிறகு அது வெறும் நைட்ரஜன் பை. கூழில் தங்கியிருக்கும் காற்றின் அளவை மட்டும் பார்ப்பவருக்குக் கலன் நன்றாகச் சுவாசிப்பதாகத் தோன்றும். என் பார்வையில் இத்துறையின் மிக ஏமாற்றுகிற அளவீடு இதுதான்.

கூழ் கெட்டியாவதால் ஆக்சிஜன் மூலக்கூறுகளே நகர முடியாமல் போகின்றன என்று நினைக்கத் தோன்றும், அது சரியல்ல. நீண்ட பசை மூலக்கூறுகளின் வலை மிகவும் தளர்வானது. அதன் கண்கள் வழியே ஆக்சிஜன் கிட்டத்தட்டத் தண்ணீரில் போலவே விரவுகிறது. ஆனால் விரவல் மட்டுமே துணையென்றால் ஒரு சென்டிமீட்டரைக் கடக்கவே பல மணி நேரமாகும். மீதித் தூரத்தை ஓட்டம்தான் கடத்த வேண்டும், அந்த ஓட்டத்தைத்தான் கூழ் முடக்குகிறது. கலக்கியைச் சுற்றி இளகிய குகை போன்ற ஒரு பகுதி மட்டும் சுழன்றுகொண்டிருக்க, சுவரையொட்டிய கூழ் அசையாமல் கிடக்கும். காற்றின் அளவைக் கூட்டினாலும் பலன் குறைவு; கூடுதல் காற்று பெருங்குமிழிகளாகவே மேலே பாய்ந்துவிடும். கலன் முழுவதையும் அசைக்கும் அகன்ற தகடுகள், ஆக்சிஜன் செறிந்த காற்று, உயர் அழுத்தம் என்று ஆலைகள் வழி தேடுகின்றன. இவை ஒவ்வொன்றுக்கும் செலவு உண்டு.

லிட்டருக்கு 30 கிராம் பசையை நெருங்கும்போது பெரும்பாலும் நொதித்தலை நிறுத்திவிடுகிறார்கள். பிறகு கூழைக் கலனிலிருந்து இறக்கும்போது, அந்தச் சின்னக் குமிழிகளும் அதற்குள்ளேயே இருந்து கூடவே வெளியே வருகின்றன.