புல்லுக்கு அடியில் இருக்கிறது மைதானம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கும் என் அக்கா வீட்டுக் கொல்லையில் பிள்ளைகள் பந்தாட ஒரு செயற்கைப் புல்தரை போட்டார்கள். 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். வேலைக்கு வந்தவர் மண்ணை மேலாகக் கொத்திச் சமப்படுத்தினார், கொஞ்சம் மணலைத் தூவி விரிப்பைப் பரப்பினார், இரண்டே நாளில் முடித்துவிட்டுப் போனார். பார்க்கப் பச்சைப்பசேலென்று அழகாகத்தான் இருந்தது. மழைக்காலம் முடிவதற்குள் நடுவில் ஒரு பள்ளம், ஓரத்தில் ஒரு மேடு. பள்ளத்தில் விழுந்த பந்து எழும்பவே இல்லை. அத்தானும் நானும் விரிப்பைச் சுருட்டிப் பார்த்தோம். அடியில் முழுக்கச் சேறு.

சரி, முதலிலிருந்து நாமே போடுவோம் என்று இறங்கினோம். அந்தப் பச்சை விரிப்பின் தடிமன் 2 சென்டிமீட்டர். ஆட்டம் நன்றாக அமைவதும் கெடுவதும் அதற்குக் கீழே உள்ள 13 சென்டிமீட்டரில்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

முதலில் தண்ணீர்க் கணக்கு. டர்பனில் கோடைதான் மழைக்காலம். ஒரு நாளில் 50 மில்லிமீட்டர் பெய்தால் எங்கள் 60 சதுர மீட்டரில் 3,000 லிட்டர் விழுகிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. இங்கே யாரும் மறக்க முடியாத நாட்கள் அவை. அந்த அளவுக்கு எங்கள் கொல்லையில் 18,000 லிட்டர். இத்தனை நீருக்கும் போக வழி வேண்டும்.

அக்கா வீட்டு மண்ணோ களிமண். களிமண்ணின் துகள்கள் மிகமிக மெல்லிய தகடுகள். சில வகைக் களிமண்ணில் நீர் அந்தத் தகடுகளுக்கு நடுவே நுழைந்து அவற்றைப் பிரித்துத் தள்ளும், மண் உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். மேலே எதை விரித்தாலும் அது மண்ணோடு சேர்ந்து ஏறி இறங்கும். முதல் தரையில் வந்த மேடும் பள்ளமும் இதனால்தான்.

அதனால் 15 சென்டிமீட்டர் தோண்டி, அடிமண்ணைத் திமிசு போட்டு இறுக்கினோம். இதற்கு அதிர்வுத் தட்டு இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கிறது. ஆனால் இயந்திரத்தின் எடையை மட்டும் நம்பினால் போதாது, மண்ணின் ஈரமும் சரியாக இருக்க வேண்டும். மண் வறண்டிருந்தால் துகள்கள் ஒன்றோடொன்று உராய்ந்து நின்றுவிடும், நெருங்கி வராது. ஈரம் மிகுந்தால் இடைவெளிகளில் நீர் நிறைந்துகொண்டு மண்ணுக்கு இடம் விடாது. இரண்டுக்கும் நடுவில் ஓர் ஈரப்பதத்தில்தான் மண் மிக நெருக்கமாக அமையும். அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் பிராக்டர் 1933இல் இதை அளந்து காட்டினார். சாலை போடுபவர்கள் இன்றும் அவர் பெயரால் அமைந்த சோதனையைச் செய்கிறார்கள். நாங்கள் செய்தது கைச்சோதனை. ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கை நனையக் கூடாது.

அப்புறம் ஜியோடெக்ஸ்டைல் துணி. தண்ணீரை விடும், சேற்றை விடாது. இந்தத் துணி இல்லாவிட்டால் ஜல்லி கொஞ்சம் கொஞ்சமாகக் களிமண்ணுக்குள் அமிழ்ந்துவிடும். அதன்மேல் 10 சென்டிமீட்டர் உடைகல் ஜல்லி, இரண்டு அடுக்காக, ஒவ்வொன்றையும் தனித்தனியே இறுக்கி. ஆற்றுக் கூழாங்கல் இதற்கு ஆகாது, உருண்டுவிடும். உடைகல்லின் கூர்முனைகள் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும்; கவ்விய பிறகும் நடுவே நீர் இறங்க இடம் இருக்கும். கடைசியாக 3 சென்டிமீட்டர் கிரஷர் தூள், அதாவது கல் உடைக்கும்போது விழும் தூள். அதை மட்டக்கோலால் இழுத்துச் சீராக்கினோம். 100க்கு 1 என்று வாட்டம் கொடுத்ததால், 6 மீட்டர் அகலத்துக்கு ஒரு பக்கம் 6 சென்டிமீட்டர் தாழ்வு. கண்ணுக்குத் தெரியாது, பந்துக்கும் தெரியாது. தண்ணீர் மட்டும் கண்டுகொள்ளும்.

விரிப்பு ஒட்டுவது ஒரு பகல் வேலை. இழைகள் எல்லாம் ஒரே பக்கம் சாயும்படி சுருள்களை விரித்து, இணைப்பில் நாடா வைத்து ஒட்டினால் ஆயிற்று.

மணலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1966இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் அரங்கில் போட்ட, பெரும்புகழ் பெற்ற செயற்கைப் புல்தரையில் மணல் கிடையாது, வெறும் நைலான் இழைகள்தான். இன்றைய பாலிஎத்திலீன் இழை மென்மையானது, தானாக நிமிர்ந்து நிற்காது. இழைகளுக்கிடையே 1 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சிலிக்கா மணல் நிரப்பினால்தான் நிற்கும். எங்கள் தரைக்கு ஏறக்குறைய 900 கிலோ ஆனது. வெயிலில் விரிப்பு விரிந்து சுருக்கம் விழாமல் அழுத்திப் பிடிப்பதும் அந்த எடைதான். மணலுக்குப் பதிலாக நிரப்ப டயர் ரப்பர் தூளும் விற்கிறார்கள். மழையில் அடித்துப் போனால் அது கடலுக்குத்தான் போகும். எனக்கு மனம் வரவில்லை. ஐரோப்பிய ஒன்றியமும் அதன் விற்பனையை 2031 முதல் நிறுத்தப் போகிறது.

வெப்பம் மட்டும்தான் எங்களால் தீர்க்க முடியாத குறை. உயிருள்ள புல் நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. பிளாஸ்டிக்குக்கு அது முடியாது, நேர்வெயிலில் 60 டிகிரியையும் தாண்டும். இங்கே பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிறவர்கள். நடுப்பகலில் ஆட்டம் இல்லை என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பிராய் அடுப்பும், அதாவது தணலில் இறைச்சி சுடும் அடுப்பும், கொல்லையின் மறுகோடிக்குப் போய்விட்டது. பாலிஎத்திலீன் சுமார் 120 டிகிரியிலேயே உருகும், தணலோ அதைவிடப் பல மடங்கு சூடு.

கடைசியாகத் துள்ளல் சோதனை. ஃபிஃபாவின் தர அளவின்படி, 2 மீட்டர் உயரத்திலிருந்து விடும் கால்பந்து செயற்கைப் புல்லில் 60 முதல் 100 சென்டிமீட்டர் எழும்ப வேண்டும். தரை தளர்வாக இருந்தால் பந்தின் ஆற்றல் மண்ணை நகர்த்துவதிலேயே செலவாகிவிடும், எழும்ப மிச்சம் இருக்காது. முதல் பெருமழை ஓய்ந்த மறுநாள் காலை அக்கா மகன் ஏணியில் ஏறிப் பந்தை விட, நான் சுவரில் கோடு போட்டு அளந்தேன். மூன்று மூலைகளில் 90ஐ ஒட்டி வந்தது. நான்காவது மூலையில் 70தான். அந்த மதிலோரத்தில் இயந்திரம் நுழையவில்லை, கையால் திமிசு போட்டிருந்தோம்.