மாட்டுக் கடன் இறுகினால் வங்கியிடம் என்ன கேட்கலாம்?

கொழும்பில் இருக்கும் நம்மில் பலர் மாடு வளர்ப்பதில்லை. ஆனால் ஊரில் பண்ணை வைத்திருக்கும் சித்தப்பாவுக்கோ மச்சானுக்கோ பிணை நின்று கையெழுத்துப் போட்டிருப்போம். அந்தக் கடனும் நமது கிரிப் அறிக்கையில் (யாருக்கு எவ்வளவு கடன் என்று வங்கிகள் பார்க்கும் கடன் தகவல் பணியக அறிக்கை) இருக்கும், ஆகவே இது இரண்டு பக்கத்துக்கும் வேண்டிய விஷயம்.

பால் பண்ணை வரவு மாதா மாதம் ஒரே மாதிரி வராது. கன்று ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே கறவையை நிறுத்த வேண்டும், புண்ணாக்கு வாங்குவதை நிறுத்த முடியாது. விலையும் பாலில் உள்ள கொழுப்பு, கொழுப்பற்ற திண்மம் (கொழுப்பும் தண்ணீரும் போக மிஞ்சும் சத்து) பார்த்துத்தான் போடுவார்கள் என்பதால் லீற்றர் குறையாமலே காசு குறையும். தவணை மட்டும் அசையாது. நட்டமில்லாத பண்ணை கூட மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இதற்கு வழி இருக்கிறது. நெருக்கடியில் இருந்தாலும் மீளக்கூடிய தொழில்களுக்காக வணிகப் புத்துயிர்ப்பு அலகு ஒன்றை அமைக்கச் சொல்லி 2024 இல் மத்திய வங்கி வங்கிகளுக்கு வழிகாட்டல் கொடுத்தது. கடனை மறுசீரமைப்பது, காலத்தை நீட்டுவது, வட்டியைச் சரிசெய்வது பற்றி அங்கே பேசலாம். கடன் தள்ளுபடி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிளை முகாமையாளரிடம் அலகின் பெயரைச் சொல்லியே கேளுங்கள், கோரிக்கையை எழுத்தில் கொடுத்து உங்கள் பிரதியில் முத்திரை வாங்குங்கள். நிலுவை 90 நாளைத் தாண்டினால் செயற்படாக் கடன், அதாவது வங்கி வாராக் கடனாகக் கணக்கிடும் கடன் ஆகிவிடும், அதற்கு முன்பே போவது நல்லது.

வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு வருடத்துப் பால் சிட்டை, தீவன பில், அப்புறம் எந்த மாடு எந்த மாதம் ஈனும், எது எப்போது வற்றும் என்று ஒரு தாளில் எழுதியது. அந்தத் தாள்தான் முக்கியம், ஏனென்றால் "தவணையைக் குறையுங்கள்" என்பதை விட "இந்த மூன்று மாதமும் வட்டி மட்டும் கட்டுகிறேன், கறவை கூடும் மாதங்களில் கூட்டிக் கட்டுகிறேன்" என்று மாதக் கணக்கோடு கேட்பவருக்கு அதிகாரி பதில் சொல்லியே ஆக வேண்டியிருக்கும்.

ஆனால் கணக்குப் பாருங்கள். 10 இலட்சம், 14 வீத வட்டி, 5 வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 23,270 ரூபாய். அதையே 7 வருடமாக்கினால் 18,740. கையில் மாதம் 4,500 மிஞ்சும், முடிவில் சுமார் 1,78,000 ரூபாய் கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள். தேவையான அளவுக்கு மட்டும் நீட்டுங்கள். பிணையாளரிடம் புதுப் பத்திரம் நீட்டினால், மொத்தத் தொகையைப் பார்க்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம்.

நிறையப் பேர் பயப்படுவது பராட்டேக்குத்தான், நீதிமன்றம் போகாமலே ஈட்டுக் காணியை வங்கி ஏலம் விடும் அதிகாரம் அது. 2011 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி கடனாக வாங்கிய மூலத் தொகை 50 இலட்சத்துக்குக் குறைவாக இருந்தால் வங்கி அந்த வழியில் வர முடியாது, வட்டியையும் தண்டத்தையும் அந்தத் தொகையில் சேர்க்கவும் முடியாது. வழக்குப் போடும் வழி வங்கிக்கு இருக்கவே செய்கிறது, ஆகவே கடிதம் வந்தால் பதில் போடாமல் விடாதீர்கள்.

வங்கி காது கொடுக்காவிட்டால் முதலில் அவர்களுக்கே எழுத்தில் முறைப்பாடு. அதற்கும் சரியான பதில் இல்லையென்றால் மத்திய வங்கியின் 1935 இலக்கம், அல்லது வங்கிகள் மீதான முறைப்பாடுகளைக் கட்டணம் வாங்காமல் விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மன். முத்திரை குத்திய அந்தப் பிரதியை அங்கேயும் கேட்பார்கள்.