உள்ளீடு: இட்டதும் உள்ளே இருப்பதும்

இணையப் படிவத்தில் நாம் நிரப்பி அனுப்புவதை இன்புட் என்கிறார்கள். தமிழில் உள்ளீடு. கணினிப் பாடத்துக்காகப் புதிதாகச் செய்த சொல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

இடு என்ற வினையின் முதலெழுத்து நீண்டால் ஈடு. சுடு சூடாவது போல, கெடு கேடாவது போல. முதலீடு, காப்பீடு, மதிப்பீடு எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகள்தான். இன்புட்டும் உள்ளே, இடு என்ற இரண்டின் சேர்க்கையே. ஆனால் உள்ளீட்டுக்கு இன்னொரு பொருளும் உண்டு: உள்ளே இருக்கும் பொருள், சாரம். உள்ளீடற்ற மூங்கில், உள்ளீடற்ற பேச்சு என்கிறோமே, அது. சர்வரில், அதாவது படிவங்கள் போய்ச் சேரும் கணினியில், நிரல் எழுதுகிறவனுக்கு இந்தப் பொருள்தான் கைகொடுக்கும்.

நாகர்கோவிலில் ஒரு பூக்கடைக்கு ஆர்டர் படிவம் எழுதிக் கொடுத்தேன். தோவாளைச் சந்தையில் விடியுமுன் பூ எடுக்க வேண்டும், ஆகவே முந்தின ராத்திரியே எத்தனை கிலோ பிச்சி என்று வாடிக்கையாளர் நிரப்பிவிட வேண்டும். ஒருவர் 'அரை' என்று எழுதினார். நான் நிரல் எழுதும் மொழி பிஎச்பி. படிவத்திலிருந்து வருவது அதற்கு வெறும் எழுத்துச் சரம், எண் அல்ல, எழுத்துகளின் வரிசை. அதை முழு எண்ணாக மாற்றும்படி எழுதியிருந்தேன். '2 கிலோ' என்றால் 2 ஆகும். 'அரை' 0 ஆகிவிட்டது. காலையில் கடைக்கார அண்ணாச்சி போன் செய்தார்: "பூஜ்யம் கிலோவ எப்பிடி மக்கா நிறுக்கது?"

எண் மட்டும் ஏற்கும் கட்டமாக மாற்றினால் போதாதா? போதாது. அந்தக் காவல் உலாவியில் இருக்கிறது. உலாவியே இல்லாமல் எவரும் சர்வருக்கு எதையும் அனுப்பலாம். கடைக்காரர் தட்டிக் கொடுத்த தேங்காயையும் நாம் காதருகே ஆட்டிப் பார்ப்பதில்லையா? வேலிடேஷன் என்பது அதுதான். செல்லுபடியாக்கம் என்றெல்லாம் சுமக்க வேண்டாம், சரிபார்ப்பு போதும்.

அப்புறம் பெயர்கள். நம் கடலோர ஊர்களில் டிக்ரூஸ் என்ற குடும்பப்பெயர் உண்டு. ஆங்கிலத்தில் எழுதினால் முதலெழுத்தை அடுத்து ஒரு ஒற்றை மேற்குறி வரும். தரவுகளை அட்டவணையில் சேர்க்கவும் எடுக்கவும் கட்டளையிடும் மொழி எஸ்கியூஎல். அதன் கட்டளையில் சரம் முடிவதற்கும் அதே குறிதான். உள்ளீட்டைக் கட்டளையோடு ஒட்டி எழுதினால் பெயர் பாதியில் முடிந்து, மிச்சம் கட்டளையாகிவிடும். பாவம், அவர் தன் பெயரைத்தான் எழுதினார்; வேண்டுமென்றே எழுதுகிறவன் அட்டவணையையே அழிப்பான். ஒரு காலத்தில் பிஎச்பி ஒவ்வொரு மேற்குறிக்கும் முன் தானாகவே ஒரு பின்சாய்கோடு போட்டுத் தந்தது. பெயர்கள் கோடும் குறியுமாகப் பக்கத்தில் வந்து நின்றதுதான் மிச்சம். 2012இல் வந்த 5.4 பதிப்பில் அதை எடுத்தேவிட்டார்கள். இப்போது கட்டளையில் கேள்விக்குறி போட்டு இடம் மட்டும் விடுகிறோம். உள்ளீடு தனியாகப் போகிறது.

ஒரு சின்ன வழு: 'உள்ளீடு செய்க' என்று பொத்தான்களில் பார்க்கிறேன். உள்ளிடு என்ற வினை இருக்கையில் அது எதற்கு? உள்ளிடுக என்றாலே சரி.

பூக்கடைப் படிவத்தில் இப்போது அரை, ஒன்று, ஒன்றரை என்று பட்டியலில் தேர்ந்தெடுக்கலாம். பட்டியலிலிருந்து வருவதையும் சர்வரில் ஒருமுறை ஆட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.