எட்டு மாதத்தில் குப்புற விழுந்த பாப்பா

பங்குனி உத்திரத்துக்கு இரண்டு நாள் முன்னால், பாளையங்கோட்டையில் எங்கள் அம்மா வீட்டு முன்னறையில், பத்தமடைப் பாயில் மல்லாக்கப் படுத்துக் கிடந்த என் தங்கை மகள் இடது பக்கம் தலையைத் திருப்பினாள், வலது காலைத் தூக்கி இந்தப் பக்கம் போட்டாள், ஒரு முக்கு முக்கிக் குப்புற விழுந்துவிட்டாள். இடது கை வயிற்றுக்கடியில் மாட்டிக்கொண்டது. மூக்கு பாயில் இடித்தது. அழலாமா வேண்டாமா என்று ஒரு நொடி யோசித்துவிட்டு, தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தாள். அடுக்களையிலிருந்து ஓடிவந்த அம்மா, "எம்மா, என் ராசாத்தி விழுந்துட்டாளே" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அன்றைக்குச் சாயங்காலம் கொழுக்கட்டை அவித்தோம். எங்கள் வீட்டில் பிள்ளை குப்புற விழுந்தால் கொழுக்கட்டை அவிப்பதுதான் வழக்கம்.

கொழுக்கட்டை வாங்க வந்த எதிர்வீட்டு அத்தை கேட்டார்கள்: "எட்டு மாசம் ஆச்சே, இப்பத்தான் விழுறாளா?" நல்ல மனசோடு கேட்டதுதான். தங்கை முகம் சுருங்கிப்போனது. அந்தக் கேள்விக்கு முழுப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பாப்பா 28 வாரத்தில் பிறந்தவள். எடை 980 கிராம். ஆவணியில் வளைகாப்பு வைத்திருந்தோம், அவள் ஆடியிலேயே வந்துவிட்டாள். வாங்கி வைத்த கண்ணாடி வளையல்கள் இன்னும் பெட்டியில்தான் இருக்கின்றன. கர்ப்பக் கணக்கு 40 வாரம். 37 வாரம் முடிவதற்குள் பிறந்தால் குறைமாதக் குழந்தை என்கிறோம், இவள் அதற்கும் ஒன்பது வாரம் முன்னால். மூளையும் நரம்பும் வளர்வது பெரும்பாலும் கரு உண்டான நாளிலிருந்து ஓடும் கடிகாரப்படி. சீக்கிரம் வெளியே வந்ததற்காக அந்தக் கடிகாரம் வேகமாக ஓடாது. அதனால் டாக்டர்கள் குறைமாதக் குழந்தைக்குத் திருத்திய வயது பார்ப்பார்கள்: பிறந்த நாளிலிருந்து எண்ணிய வயதில், எத்தனை வாரம் முன்னால் வந்ததோ அத்தனை வாரத்தைக் கழித்துவிட வேண்டும். பாப்பாவுக்கு 12 வாரம் கழியும். அந்தக் கணக்கில் அவள் ஐப்பசியில், நெல்லையப்பர் கோயில் திருக்கல்யாண சமயத்தில் பிறந்தவள், பங்குனியில் அவளுக்கு ஐந்து மாதமும் சில நாளும். குப்புற விழ அது சரியான வயசுதான். இரண்டு வயது வரைக்கும் இப்படிக் கழித்துப் பார்ப்பது வழக்கம். தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது, அது பிறந்த தேதிப்படிதான். இதில் நிறைய வீடுகளில் குழப்பம் வருகிறது, அதனால் சொல்கிறேன்.

இன்னொன்று. "ஏழு மாசத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டு மாசத்துப் பிள்ளை தங்காது" என்று நம் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அது தப்பு. வயிற்றுக்குள் கூடும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான். ஏன் என்று நுரையீரலைப் பார்த்தால் புரியும்.

நனைந்த பிளாஸ்டிக் பையின் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள், பிரிக்கத் தனியாகப் பலம் வேண்டும். நுரையீரலின் குட்டிக் குட்டிக் காற்றறைகளின் உட்பக்கமும் ஈரம்தான். ஒவ்வொரு தடவை மூச்சை விடும்போதும் அவை சுருங்கி ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அதைத் தடுக்க நம் உடம்பு சோப்பு மாதிரி ஒரு வழுவழுப்பான பொருளைச் சுரக்கிறது, பெயர் சர்ஃபாக்டன்ட். கருவில் இது 24 வாரம் வாக்கில் மெல்லச் சுரக்கத் தொடங்கி, 34, 35 வாரத்தில்தான் போதுமான அளவுக்கு வரும். இது இல்லாததால்தான் குறைமாதக் குழந்தைகள் மூச்சுத் திணறிப் போகின்றன என்று மேரி எல்லன் ஏவரியும் ஜெரி மீடும் 1959-ல் காட்டினார்கள். ஆனால் அப்போது கையில் மருந்து இல்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்த மகன் பேட்ரிக் இதே கோளாறால் இரண்டே நாளில் இறந்துபோனான். ஜனாதிபதி வீட்டுப் பிள்ளையையே காப்பாற்ற முடியாத காலம் அது. 1980-ல் ஜப்பானில் ஃபுஜிவாரா என்ற டாக்டர், மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டைக் குழந்தைகளின் மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்த்து, அது வேலை செய்கிறது என்று எழுதினார். நம் பாப்பாவுக்கும் பிறந்த முதல் நாளே அப்படி ஒரு மருந்து குழாய் வழியாகப் போனது. அதற்கு முன்பே, பிரசவம் ஆகிவிடும் போலிருக்கிறது என்று தெரிந்ததும், தங்கைக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தார்கள். வயிற்றிலிருக்கும் குழந்தையின் நுரையீரலை அது சீக்கிரம் பக்குவப்படுத்தும். இது நியூசிலாந்தில் லிக்கின்ஸும் ஹோவியும் 1972-ல் நிரூபித்துக் காட்டிய வைத்தியம்.

நுரையீரலுக்கும் குப்புற விழுவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் கலோரியில் இருக்கிறது. குறைமாதக் குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 110 முதல் 135 கலோரி வேண்டும். அறுபது கிலோ ஆள் அதே விகிதத்தில் சாப்பிட வேண்டுமானால் ஏறக்குறைய 7000 கலோரி, அதாவது நாம் சாதாரணமாகச் சாப்பிடுவதைப் போல மூன்று மடங்கு. பாப்பாவுக்கு நுரையீரலில் தழும்பு விழுந்து, வீட்டுக்கு வரும்போதே மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடுதான் வந்தாள். மூச்சு வாங்கும்போது விலா இடுக்கெல்லாம் உள்ளே இழுக்கும். பால் வழியாக வருகிற பலத்தில் பெரும்பங்கு மூச்சு விடுவதற்கே போய்விட்டால் தசை வளர என்ன மிஞ்சும்? அதனால்தான் ஆக்ஸிஜன் கொடுக்கிறார்கள். மூச்சுச் செலவு குறைந்தால் எடை ஏறும், எடை ஏறினால் கழுத்தில் பலம் வரும்.

அந்த ஆக்ஸிஜன் மிஷின் கட்டிலுக்கடியில் ராத்திரி பகலாக டப், புஸ் என்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். உள்ளே ஆக்ஸிஜன் எதையும் சேர்த்து வைத்திருக்கவில்லை. அறைக் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்ஸிஜன். அதை அழுத்தி, சியோலைட் என்ற தாது மணிகள் நிரம்பிய குழாய்க்குள் தள்ளுகிறது. மணிகள் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ள, ஆக்ஸிஜன் வெளியே வரும். மணிகள் நிறைந்ததும் அழுத்தம் இறங்கும், பிடித்த நைட்ரஜன் புஸ்ஸென்று வெளியேறும், அதற்குள் பக்கத்துக் குழாய் பிடிக்க ஆரம்பித்திருக்கும். இப்படி மாறி மாறி 90 சதவீதத்துக்கு மேல் சுத்தமான ஆக்ஸிஜன் கிடைக்கிறது. நமக்கு வேண்டியிருந்தது நிமிடத்துக்குக் கால் லிட்டர்தான். கரண்ட் போனால் என்ன செய்வது என்று தங்கை வீட்டுக்காரர் ஒரு சிலிண்டரைக் கதவோரம் சாய்த்துக் கட்டியே வைத்திருந்தார். தை மாதம் குழாயை எடுத்தார்கள். முதல் ராத்திரி அந்தச் சத்தம் இல்லாமல் நாங்கள் யாரும் தூங்கவில்லை.

அந்த வீட்டில் மாறாத ஒரு சட்டம், சாம்பிராணி கிடையாது. பிள்ளையைக் குளிப்பாட்டித் தலைக்குப் புகை காட்டாமல் விடுவதா என்று அம்மாவுக்கு ஆற்றாமை. ஆனால் தழும்பு விழுந்த நுரையீரலுக்கு எந்தப் புகையும் ஆகாது. வசம்பு, உரை மருந்து என்று வாயில் எதையும் கொடுக்கவும் விடவில்லை. அம்மா அதையும் ஒத்துக்கொண்டாள், அவளைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

சரி, புரளுவதற்கு வருவோம். நிறைமாதக் குழந்தை கடைசி வாரங்களில் வயிற்றுக்குள் இடமில்லாமல் கையையும் காலையும் மடக்கிச் சுருண்டு கிடக்கும். அந்த நெருக்கம் ஒரு பயிற்சி. பிறந்த பிறகும் அந்த மடக்கு உடம்பில் இருக்கும். கை தானாக நெஞ்சுக்கும் வாய்க்கும் வரும். 28 வாரத்தில் வெளியே வந்த பிள்ளைக்கு அந்தப் பயிற்சி கிடைக்கவில்லை, தசையும் தளர்ச்சி. மல்லாக்கப் போட்டால் கை காலெல்லாம் அகல விரிந்து துணி மாதிரிக் கிடக்கும். அப்படியே வாரக்கணக்கில் கிடந்தால் தோள் பின்னால் போய், முதுகு விறைத்து வளையப் பழகிவிடும், இரண்டு கையையும் நடுவில் கொண்டுவருவது கஷ்டமாகிவிடும். இன்குபேட்டருக்குள் சிஸ்டர்கள் துணியைச் சுருட்டிப் பறவைக்கூடு மாதிரி வளைத்து, நடுவில் பிள்ளையை வைத்திருந்தது இதற்குத்தான். நாங்கள் முதலில் அதை மெத்தென்று இருக்கட்டும் என்று வைத்திருக்கிறார்கள் என்றே நினைத்தோம்.

தங்கை நெஞ்சோடு பாப்பாவைக் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் சாய்ந்திருந்ததிலும் அந்தச் சுருளல் உண்டு. கங்காரு பராமரிப்பு என்று இதற்குப் பெயர். கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் 1978-ல் இன்குபேட்டர் பற்றாக்குறையால் டாக்டர் எட்கர் ரே தொடங்கிய வழக்கம். பிறந்த உடனேயே இதைத் தொடங்கினால் குழந்தை இறப்பு 25 சதவீதம் குறைகிறது என்று, இந்தியாவும் சேர்ந்து ஐந்து நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2021-ல் சொன்னது.

அடுத்து நரம்பு. மூளையிலிருந்து தசைக்குக் கட்டளை போகும் நரம்பிழைகளுக்கு மயலின் என்ற கொழுப்பு உறை ஏற வேண்டும், கரண்ட் வயருக்குப் பிளாஸ்டிக் உறை மாதிரி. உறை ஏறினால் செய்தி பல மடங்கு வேகமாகப் போகும். அசைவுகள் பிள்ளைக்கு வசப்படுவது மேலிருந்து கீழே: முதலில் கழுத்து, அப்புறம் தோளும் முதுகும், அதற்கப்புறம் இடுப்பு, கால். இதற்கு நடுவே ஒரு பழைய அனிச்சை வழிமறிக்கும். பிறந்த குழந்தையின் தலையை ஒரு பக்கம் திருப்பினால் அந்தப் பக்கத்துக் கை நீளும், எதிர்ப்பக்கத்துக் கை மடங்கும், வாள் வீசுகிறவர் நிற்கிற மாதிரி. அப்படி நீண்ட கை, புரளப்போகும் பிள்ளைக்கு முட்டுக்கட்டை. நாலு முதல் ஆறு மாதத்துக்குள் மூளை அந்த அனிச்சையை அமுக்க வேண்டும். அதன் பிறகுதான் தலை திரும்ப, தோள் தொடர, இடுப்பு கடைசியாக வர, உடம்பு கயிறு முறுக்குவதைப் போலத் துண்டு துண்டாகத் திரும்பும். பிறந்த குழந்தை திரும்பினால் மரக்கட்டை மாதிரி மொத்தமாக உருளும், அது வேறு.

இப்போது பாப்பாவின் கை கால் அசைவைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளைகளின் வளர்ச்சியில் தாமதம் இருந்தால் சீக்கிரமே கண்டு உதவ மாவட்டந்தோறும் அரசு நடத்தும் ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு மாதம் ஒருமுறை போகிறோம். 2013-ல் வந்த தேசிய சிறார் நலத் திட்டத்தில் உண்டான மையங்கள் இவை, காசு கிடையாது. தங்கை ஃபோனில் எடுத்த வீடியோவைக் காட்டினாள். அவர்கள் எப்போது விழுந்தாள் என்று கேட்கவே இல்லை. "எப்படி விழுந்தா, இன்னொரு தடவை காட்டுங்க" என்றார்கள். மூன்று தடவை பார்த்தார்கள். முதுகை வில்லாக வளைத்து, தலையைப் பின்னால் தள்ளி விறைப்பில் கவிழ்கிற குழந்தை நாள் கணக்கில் முன்னதாகவே விழுந்துவிடலாம், ஆனால் அது தசை இறுக்கத்தின் அடையாளமாகக்கூட இருக்கும் என்றார்கள். பாப்பா தலையை முன்னால் மடக்கி, காலைக் குறுக்கே கொண்டுவந்து, இடுப்பை முறுக்கித் திரும்புகிறாள். "இது நல்ல புரளல்" என்று சொன்னார்கள். தங்கை பஸ்ஸில் வரும்போது அந்த ஒரு வார்த்தையையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

வீட்டில் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம், திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தில் உருவாக்கிய அட்டவணை. இரண்டு வயது வரைக்குமான 17 செயல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நீளப் பட்டை. குழந்தையின் வயதில் ஒரு ஸ்கேலை நெட்டுக்குத்தாக வைத்தால், ஸ்கேலுக்கு இடது பக்கம் முழுசாக முடிந்துபோன பட்டைகளெல்லாம் குழந்தைக்கு வந்திருக்க வேண்டும். ஸ்கேல் மேலேயே ஓடுகிற பட்டைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அம்மா ஸ்கேலை எட்டு மாதத்தில் வைத்துக் கண் கலங்கினாள். தங்கை ஐந்துக்கு நகர்த்தி வைத்தாள். பட்டைகள் இவ்வளவு நீளமாக இருப்பதில் ஒரு நியாயம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட கணக்குப்படி, நல்ல ஆரோக்கியமான குழந்தைகளே பிடிமானம் இல்லாமல் உட்கார 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதம் வரை ஆகிறது, தனியாக நடக்க 8.2-லிருந்து 17.6 மாதம் வரை. நூற்றுக்கு நாலு குழந்தைகள் முட்டிபோட்டுத் தவழாமலேயே நடந்துவிடுகின்றன. ஆனாலும் திருத்திய வயதில் நாலு மாதத்துக்கு மேல் கை எப்போதும் மூடியே இருந்தாலோ, ஒரு பக்கக் கையை மட்டும் ஓயாமல் பயன்படுத்தினாலோ, கால்கள் கத்தரி மாதிரி பின்னிக்கொண்டாலோ காத்திருக்காமல் உடனே காட்டிவிடுங்கள்.

இனி எங்கள் அம்மா. கால் நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே பிள்ளையைக் குப்புறப் போட்டுக் குளிப்பாட்டுவாள், நம் ஊர் ஆச்சிகள் எல்லோரும் செய்வதுதான். பாப்பாவின் நெஞ்சு அம்மாவின் கால் மேல், தலை கொஞ்சம் உயரத்தில். தண்ணீர் முதுகில் விழவிழ அவள் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பாள். பிசியோதெரபிஸ்ட் இதைக் கேட்டுவிட்டு, விழித்திருக்கும்போது குப்புறப் போட்டுப் பழக்கச் சொல்வதும் இதுதானே, விடாமல் செய்யுங்கள், ஆனால் தூங்க வைக்கும்போது மல்லாக்கத்தான் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். கழுத்துக்குப் பலம் வந்ததில் அம்மாவின் காலுக்குப் பங்கு இருக்கிறது. அதைச் சொன்னதிலிருந்து சாம்பிராணிப் பேச்சையே அவள் எடுக்கவில்லை.

இப்போது பாப்பா ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை இடது பக்கமாகவே விழுகிறாள். இரண்டு பக்கமும் வர வேண்டும் என்பதால் கிலுகிலுப்பையை வலது பக்கம் வைத்து ஆட்டச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா பாயில் அவளோடு படுத்துக்கொண்டு ஆட்டுகிறாள். பாப்பா வலது பக்கம் தலையைத் திருப்புகிறாள், இடது காலைத் தூக்குகிறாள், பாதியில் நின்றுவிட்டு மறுபடி மல்லாக்க விழுகிறாள். இடது பக்கம் விழும்போது மாட்டிக்கொள்ளும் அந்தக் கையை மட்டும் நேற்றுத் தானாகவே இழுத்து வெளியே எடுத்துவிட்டாள்.