அடகுக் கடையில் சுவரின் நிறம் எதற்கு?

சிறுகதைகளைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. வருகிற பிரதிகள் பலவற்றில் முதல் பத்தியில் கதிரவன் உதிப்பான், தென்றல் வீசும். இரண்டாவது பத்தியில்தான் ஆள் வருவார். கேட்டால், “வர்ணனை போதலைன்னு சொன்னாங்க சார், சேர்த்தேன்” என்பார்கள். அள்ளிப் போட அது என்ன சாம்பாருக்கு உப்பா?

சில மாதங்களுக்கு முன் ஒரு கதை வந்தது. மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஓர் அம்மா சங்கிலியை அடகு வைக்கப் போகிறாள். கடைக்குள் நுழைந்ததும் சுவரின் நிறம், மின்விசிறி, சாமி படம், காலண்டர், கண்ணாடி மேசை என்று எட்டு வரி. வாக்கியத்தில் பிழை இல்லை. ஆனால் அது கடையை வாடகைக்குப் பார்க்க வந்தவரின் பார்வை. கழுத்துச் சங்கிலியைக் கழற்றியவள் சுவரின் நிறத்தையா பார்ப்பாள்?

எழுதியவரிடம் போனில் கேட்டேன்: “அந்த அம்மா எதைப் பார்த்தாங்க?” கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார். கடைக்காரர் சங்கிலியை உரைகல்லில் தேய்க்கிறார். கறுப்புக் கல்லில் மஞ்சளாய் ஒரு கோடு. அந்தக் கோடும் தன் நகைதானே, நகையை மீட்கும்போது அதை யார் தருவார் என்று அவளுக்குத் தோன்றுகிறது. கொக்கியில் ஏறியிருந்த மஞ்சள் அழுக்கை வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். சரி, இதை ஏன் முதலிலேயே எழுதவில்லை? அது வர்ணனை என்றே அவருக்குத் தோன்றவில்லையாம்.

அதே மேசையில் கடைக்காரர் கண்ணுக்குப் பற்றவைத்த இடமும் அரக்கும்தான் தெரியும். வெளியே பைக்கில் உட்கார்ந்திருக்கும் கணவருக்கோ, தெரிந்தவர் யாரும் வருகிறார்களா என்பதுதான் கவலை.

நம்மிடம் இதற்குப் பழைய சாட்சி உண்டு. குறுந்தொகையின் 25ஆம் பாட்டு, கபிலருடையது, ஐந்தே அடி. அவன் தன்னோடு கூடிய நாளில் வேறு யாரும் இல்லை, அவன் பொய் சொன்னால் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. இருந்தது ஒரு குருகு, கொக்கு போன்ற நீர்ப்பறவை. தினைத்தாள் போன்ற மெல்லிய கால்கள். ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்றது. அந்த மீன் இல்லாவிட்டால் குருகு வெறும் இயற்கைக் காட்சி. மீன் மேல் கண் இருந்ததால், ஒரே சாட்சியும் கை கொடுக்காது என்றாகிவிடுகிறது.

ஐம்புலனும் வர வேண்டும் என்று பயிலரங்குகளில் சொல்கிறார்கள். கேட்டுவிட்டு வருகிறவர் ஊதுவத்தி மணத்தை வலிந்து நுழைக்கிறார். நானும் ஒரு காலத்தில் எதிர்ப்பக்கம் சறுக்கியவன்தான். வர்ணனையைக் கண்டாலே அடித்துவிடுவேன். அப்படித் திருத்திய ஒரு கதையில், இரண்டு பேர் மின்வெட்டில் நின்று பேசுவதுபோல் இருந்தது.

அடகுக் கடைக் கதை போன வாரம் திரும்பி வந்தது. சுவர் போயிற்று, மின்விசிறி போயிற்று, சாமி படமும் போயிற்று. காலண்டர் மட்டும் இருந்தது. கடைக்காரர் ரசீது எழுதும்போது, அடுத்த வட்டிக்கு எத்தனை நாள் என்று அவள் அதில் எண்ணிக்கொண்டிருந்தாள்.