பழைய ஸ்டேஷன் சுவத்துல சிமெண்ட் பூசாதீங்க

பழைய கட்டடங்களைச் சரி பண்றதுதான் என் தொழில். ஒரு பழைய ஸ்டேஷனை இடிக்கப் போறாங்கன்னா நாலு பேரு சத்தம் போடுறாங்க, ஆனா மெயின்டெனன்ஸ்ங்கற பேர்ல வருஷா வருஷம் அதே கட்டடம் கொஞ்சம் கொஞ்சமா சாகுறது யார் கண்ணுலயும் படல.

ராயபுரத்தையே எடுத்துக்கோங்க. 1856 ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் ராணிப்பேட்டை பக்கத்துல இருக்கற வாலாஜா ரோடு ஸ்டேஷனுக்குக் கிளம்பினது அங்கருந்துதான். பம்பாயிலயும் தானேயிலயும் அதுக்கு முன்னாடி கட்டின ஸ்டேஷன் கட்டடங்க இப்ப இல்ல, ராயபுரம் மட்டும் நிக்குது, அதுவும் கடல் காத்துக்குப் பக்கத்துல.

அந்தக் காலத்துச் சுவரெல்லாம் செங்கலும் சுண்ணாம்புக் காரையும். சுண்ணாம்பு மெத்துனு இருக்கும், மழையில சுவரு குடிச்ச தண்ணி வெயில் வந்ததும் அது வழியாவே ஆவியா வெளிய போயிடும். அது மேல சிமெண்ட்டைப் பூசி எனாமல் பெயிண்ட்டையும் அடிச்சா தண்ணிக்குப் போக வழியில்லாம உள்ளயே தங்கி, உப்பு பூத்து, செங்கல் மாவா உதிருது. ஒரு சின்ன ஊரு ஸ்டேஷன்ல பளபளன்னு இருந்த பூச்சைத் தட்டிப் பாத்தேன், சத்தம் பொக்குனு வந்துச்சு, பேத்து எடுத்தா உள்ள செங்கலை விரலால சொரண்டலாம். அதைப் பூசி ரொம்ப வருஷம் கூட ஆகலையாம்! மனசு ஆறவே இல்ல.

ஈரம் தெரிஞ்சா முதல்ல பாக்க வேண்டியது சுவரை இல்ல, மாடியை. மர உத்தரத்து மேல செங்கலையும் சுண்ணாம்பையும் வச்சுப் போட்ட அந்தக் காலத்துத் தளம், அதான் மெட்ராஸ் டெரஸ், அதுல விரிசல் இருக்கா, மழைத்தண்ணிக் குழாய்ல அரசங்கன்னு முளைச்சு அடைச்சிருக்கா, சுவரோரம் பிளாட்பாரத்தை உசத்திட்டாங்களான்னு பாத்து அதைச் சரி பண்ணாலே பாதி வேலை முடிஞ்சிடும். மிச்சத்துக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான், கடுக்காயும் வெல்லமும் ஊறவச்ச தண்ணில குழைச்சுப் பூசுற கொத்தனாருங்க இன்னும் இருக்காங்க. காய நாளாகும், அவசரப்பட்டா வெடிக்கும், டெண்டர்ல அந்த நாளையும் சேத்து எழுதணும்.

1855ல ஈஸ்ட் இந்தியன் ரயில்வேக்காகச் செஞ்ச இஐஆர் 21 நீராவி இன்ஜினை நம்ம பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்லதான் திரும்ப ஓட வச்சாங்க, ஒவ்வொரு பாகமா பாத்துப் பாத்து. அந்தப் பொறுமையில கொஞ்சம் சுவத்துக்கும் வேணும்.

இன்னொண்ணு, வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஸ்டோர் ரூமைத் திறந்து போட்டோ எடுத்து லிஸ்ட் போட்டுடுங்க. அட்டை டிக்கெட் அடுக்கி வச்ச மர அலமாரி, ஒத்தைத் தண்டவாளத்துல போக அனுமதியா டிரைவர்கிட்ட கொடுக்கற டோக்கன் பந்து, கை விளக்கு எல்லாம் அங்கதான் கிடக்கும், ஸ்கிராப்புக்குப் போனா திரும்ப வராது.